அவள் முதலில் பேசமாட்டாள்

1

போன சனிக்கிழமை மருமகளோடு காய்கறிக் கடைக்குப் போயிருந்தேன். லண்டனுக்கு வெளியே நாங்கள் இருக்கிற பக்கத்தில் நம் காய் கிடைக்கிற கடை அது ஒன்றுதான். முருங்கைக்காயைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். முறுக்கிப் பார்க்க முடியாது. மேலாகத் தடவிக்கொண்டு நின்றபோது எதிரே வதனி வந்தாள்.

வதனி ஒரு நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே மனநல ஆஸ்பத்திரியில் நான் பதினோரு வாரம் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டவள். அவள் கண் என் கண்ணைப் பார்த்தது. ஒரு நொடி நின்றாள். பிறகு குனிந்து சேப்பங்கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் பக்கத்தில் மருமகள் கவிதாவும் அவளுக்குக் கோயிலில் பழக்கமான ஒரு பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதையும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் கை முருங்கைக்காயிலேயே ஒட்டிக்கொண்டது.

என் தம்பி மகன் நம் ஊர்ப் பக்கம் மாதாமாதம் ஒரு சின்னப் பத்திரிகை போடுகிறான். அந்த நாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதிக் கொடு அத்தை என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறான். நான் எங்கள் பெருநகர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் போகவே கூசுகிறவள். என்னத்தை எழுதுவது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சனிக்கிழமைக்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிழை இருந்தால் அவன் திருத்திக்கொள்வான்.

2

என் வீட்டுக்காரர் காலமான மறு வருஷம், தொண்ணூற்றொன்பதில், மகன் சேகர் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தனி அறை, வெந்நீர், மெத்தை எல்லாம் உண்டு. அவனும் கவிதாவும் காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பேத்தி நித்யா சின்னதாக இருந்தபோது ஆயா ஆயா என்று மடியிலேயே கிடந்தாள். பள்ளிக்கூடம் சேர்ந்த இரண்டு வருஷத்தில் தமிழ் அவள் வாயைவிட்டுப் போய்விட்டது. நான் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றது. அவள் அறைக்குள் போவதென்றால் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் பகலில் கதவு சாத்தினால் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

எனக்கு ஒரு மகளும் இருந்தாள். செல்வி. பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இங்கே வந்த மூன்றாம் வருஷம், அவள் போன நாள் வந்தது. அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. அப்புறம் பேசவும் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு சேகர் என்னைக் காரில் தூக்கி உட்கார வைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டுத் தாள். பேர், மதம், மொழி, என்னைப் பற்றி யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்றெல்லாம் கேட்டிருந்தது. சேகர் நிரப்பினான், நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். நான் பேரை எழுதி முடிக்கும்வரை டாக்டரம்மா பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜைமேல் இருந்த போனில் யாரோ ஒரு ஆள் தமிழில் பேசினார். டாக்டர் சொல்வதை அவர் சொல்வார், நான் சொல்வதை அவர் திருப்பிச் சொல்வார். முகம் தெரியாத ஆளிடம் மனதைத் திறந்து சொல்லுங்கள் என்றால் எப்படி?

இதற்கு முன்னால் இப்படி வந்ததுண்டா என்று போன் கேட்டது. பக்கத்தில் சேகர் இருந்தான். இல்லை என்றேன். அது பொய். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டது.

"தெனம் நெனைக்கிறதுதானே அது. எப்ப கூப்பிடுவானோன்னு கீது" என்றேன்.

நம் பக்கத்தில் பஸ் தவறிப் போனால்கூட இதைச் சொல்கிற பெண்பிள்ளைகள் உண்டு. போன் ஆள் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருப்பார் போல. டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது, மளமளவென்று எழுதினாள். அன்றைக்குச் சாயந்திரமே என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்துவிட்டது. அதில் மாற்றி மாற்றி ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பாள். கைக்கெட்டுகிற தூரம். நான் குளிக்கப் போனால் கதவு ஒருக்களித்துத்தான் இருக்க வேண்டும்.

நான் பழக்கத்தில் சொன்னேன் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். ஆனால் பழக்கத்தில் சொன்னது பாதிதான். மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெரியவில்லை.

3

மூன்றாம் நாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள், "அம்மா, நான் வதனி. யாழ்ப்பாணம். தமிழிலேயே கதைப்பமே?" என்றாள்.

அவள் தமிழ் எனக்குப் பாதி புதிது. ஆனாலும் தமிழ். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், அவள் பக்கம் திரும்பினேன். செல்வி இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும்.

அன்றைக்குச் சோற்றுத் தட்டு வந்தது. நான் வாயைத் திறந்து காட்டினேன், ஊட்டிவிடு என்று. அவள் சிரித்துக்கொண்டே கரண்டியை என் கையில் வைத்தாள்.

"நான் தீத்தமாட்டன் அம்மா. நாளைக்கு எனக்கு லீவு. நாளைக்கு ஆர் தீத்துறது? நீங்களே சாப்பிடுங்கோ, நான் இருந்து பார்க்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவள் பார்க்கிறாளே என்று நாலு வாய் தின்றேன். அவளோடு பேசப் பேச, போனில் நான் சொன்ன பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு என்பதையும் அவள் டாக்டரிடம் எடுத்துச் சொன்னாள். மீதிப் பாதி ஒன்று உண்டு என்பதையும் சொன்னாள். அவள் எதையும் மறைக்கிறவள் இல்லை.

இரண்டு வாரத்தில் எனக்குக் கொஞ்சம் தேவலை என்று டாக்டருக்குத் தோன்றியது. நாற்காலி கதவோரத்துக்குப் போனது. கண்ணுக்குத் தெரிகிற தூரம் போதுமாம். இன்னும் ஒரு வாரம் போய், நாற்காலியை வராண்டாவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கால் மணிக்கு ஒரு தரம் யாராவது எட்டிப் பார்த்து, ஒரு தாளில் குறி போட்டுவிட்டுப் போவார்கள்.

நான் சாப்பிடச் சாப்பிட, தூங்கத் தூங்க, அவள் தள்ளித் தள்ளிப் போனாள். இது என்ன வைத்தியம் என்று இருந்தது எனக்கு. அவள் அங்கே இன்னொரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசும் சத்தம் கேட்கும். செல்வி வேறு வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும்.

4

டாக்டரிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

செல்வி போன புதிதிலும் நான் இப்படித்தான் ஆனேன். நாற்பது நாள். சேகர் அப்போது மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்தான். அம்மா துக்கத்தில் இருக்கிறாள் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். நான் கிணற்றடியில் போய் நின்றுகொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் இரண்டு தரம் பார்த்துவிட்டார். வெளியில் சொன்னால் மகனுக்குப் பெண் கிடைக்காது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

கன்னியம்மா எங்கள் நிலத்தில் களையெடுக்க வருகிறவள். இருளர். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடிசைகள். என் வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் அவர்கள் வரமாட்டார்கள், நாங்களும் வா என்று சொன்னதில்லை.

"கெணத்தாண்ட போவாம பாத்துக்கினு இரு. தோட்டத்துலயே குந்திக்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போய்விடுவார்.

அவள் பின்கட்டு வாசற்படிக்கு வெளியே உட்காருவாள். நான் படிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு படி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே முறத்தில் எதையாவது புடைப்பாள். எலி வளையிலிருந்து நெல் எடுத்த கதை, அவள் வீட்டுக்காரன் பாம்பு பிடிக்கப் போய் ஓணானைப் பிடித்துக்கொண்டு வந்த கதை. நான் சிரிக்கமாட்டேன். அவள் சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நான் தொடாமல் வைத்திருந்த சோற்றுத் தட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, படிக்கு வெளியே இருந்தபடியே கையை நீட்டி உருண்டை பிடித்தாள்.

"எம்மா, யாரும் பாக்கல. ஒரு வாய் துன்னு. உன் பொண்ணு இருந்தா ஊட்டாதா?"

தின்றேன். அன்றைக்கும் தின்றேன், அதற்கப்புறம் எல்லா நாளும் தின்றேன். அவள் கைச்சோறு நான் தின்றது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அவள் அந்தப் படியைத் தாண்டவில்லை. உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்து நான் எழுந்து அடுப்பு மூட்டிய அன்று அவள் திரும்பக் களையெடுக்கப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு புடவை கொடுத்தோம். அதையும் படிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கொடுத்தோம்.

5

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நாற்காலி வராண்டாவுக்குப் போன மறுநாள், அந்த நினைப்பு திரும்ப வருகிறது என்று நான் போன் ஆளிடம் சொன்னேன். வரவில்லை. நாற்காலி வரவேண்டும் என்றுதான் சொன்னேன்.

நாற்காலி வந்தது. ஆனால் அதில் வதனி வரவில்லை. நைஜீரியாவிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரம்மா ஒருத்தி உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷிதான், என் கால்மாட்டில் போர்வையை இழுத்து மூடினாள். ஒரு மணி நேரம் ஆனதும் வேறொருத்தி. அப்புறம் ஒரு பையன். வாயைத் திறந்து ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் வதனியின் முறை வந்தது. உட்கார்ந்தாள்.

"அம்மா, கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. அந்த எண்ணம் உண்மையாவே வந்ததோ, இல்லாட்டி நான் பக்கத்தில இருக்கோணுமெண்டு சொன்னனீங்களோ?"

நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே தெரியாமல் கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். படி, உருண்டை, கிணறு எல்லாம். யாரிடமும் சொல்லாதது. அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இதை நான் டொக்டருக்குச் சொல்லோணும், எழுதவும் வேணும். உங்கட மகனுக்கு மட்டும் சொல்லமாட்டன். அது நீங்கள் சொல்ல வேண்டியது" என்றாள்.

நீ என் மகள் மாதிரிதானே, உன்னிடம் சொன்னதை எழுதுவாயா என்று கேட்டேன். வீட்டு போன் நம்பர் கொடு, பொங்கலுக்கு வீட்டுக்கு வா, சேகர் காரில் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்றும் கேட்டேன். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, நான் உங்கட மகள் இல்லை. மகள் எண்டு வந்தால், நான் வராத நாளெல்லாம் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அங்கால கட்டில்ல இருக்கிற ஆளுக்கும் நான் வேணும். நான் நர்ஸாவே இருக்கிறன். அதில குறை வைக்கமாட்டன்."

அவள் குரல் கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. அது எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் சாப்பிட்டேன், வீம்புக்குச் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று அவள்தான் என் துணிகளை மடித்துக் கொடுத்தாள். அப்போது ஒன்று சொன்னாள்.

"வெளியில எங்கயாவது கண்டால் நான் முதல் கதைக்கமாட்டன் அம்மா. உங்களோட ஆர் நிக்கினமோ, என்னை எப்பிடித் தெரியுமெண்டு அவைக்குச் சொல்ல உங்களுக்கு விருப்பமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நீங்கள் கூப்பிட்டால் கதைப்பன். கூப்பிடாட்டி அதுவும் சரி."

போகிற நேரத்திலும் இப்படி வெட்டிவிடுகிறாளே என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். மூன்று வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

சனிக்கிழமை அவள் சேப்பங்கிழங்கைப் பொறுக்கப் பொறுக்க, எனக்கு உத்திரமேரூர் சந்தை கண்முன் வந்துவிட்டது.

செல்வி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேகருக்குக் கவிதாவைப் பேசிக்கொண்டிருந்தோம். கவிதாவின் அம்மாவும் நானும் சந்தைக்குப் போனோம். அந்த அம்மாள் நடக்கும்போது என் குடும்பத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். யாருக்காவது சர்க்கரை உண்டா, யாருக்காவது வலிப்பு உண்டா, புத்தி சுவாதீனம் இல்லாதவர்கள் உண்டா என்றெல்லாம் கேட்டாள். பெண்ணைக் கொடுக்கிறவள் கேட்கத்தானே செய்வாள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கன்னியம்மா நன்னாரி வேரைக் கட்டுக்கட்டாகப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கொடுத்த புடவையைத்தான் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ இன்னா, உங்களையே பாத்துக்கினு கீறா? தெரிஞ்சவளா?" என்று சம்பந்தி அம்மாள் கேட்டாள்.

"யாருன்னு தெரியல" என்றேன்.

அவள் காதில் விழுகிற தூரம்தான். கன்னியம்மா தலையைக் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஒரு வேர்க்கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கப்புறம் கன்னியம்மா எங்கள் நிலத்துக்கு வரவில்லை. மகன் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள் என்று களையெடுக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எந்தச் சூளை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கென்ன அவள்மேல் அக்கறை என்று நினைப்பார்களே.

அவள் கீழ்ச்சாதிக்காரி, பயந்து பேசாமல் இருந்தாள் என்றே இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வதனி ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கன்னியம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? என் பக்கத்தில் நிற்பது யார் என்று அவளும் பார்த்திருக்கிறாள். நான் கூப்பிடட்டும் என்று விட்டிருக்கிறாள்.

7

கடையில் கவிதாவின் சிநேகிதி ஏதோ விருந்துக்குச் சட்னி அரைத்த கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வதனி" என்று கூப்பிட்டேன். சின்னக் குரல்தான் வந்தது.

அவள் நிமிர்ந்தாள். கூடையோடு வந்து, எங்கள் தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "அம்மா, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

சிநேகிதி, யார் என்று கேட்டாள். கவிதா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவோம் அத்தை என்கிற பார்வை அது.

"நான் மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்தப்ப என்னைப் பாத்துக்கினவங்க" என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. "இதுக்கு முன்னயும் ஒரு தரம் அப்படி ஆச்சு. ஊர்ல. அப்பவும் ஒருத்தி பாத்துக்கினா. அவ பேரு கன்னியம்மா."

வதனி மட்டும் தலையை ஆட்டினாள். நல்லாச் சாப்பிடுகிறீர்களா, வெளியே நடக்கிறீர்களா என்று கேட்டாள். முருங்கைக்காய் போன வாரம்தான் நன்றாக இருந்தது என்றாள். போன் நம்பர் நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. பணம் கட்டுகிற வரிசைக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக வந்த மாதிரி தெரியவில்லை.

காரில் ஏறினதும் கவிதா கேட்டாள்.

"எங்கம்மா கல்யாணம் பேசும்போதே இதப் பத்தி உங்களக் கேட்டாங்களா அத்தை?"

"கேட்டாங்க. பொய் சொன்னேன்."

"நெசத்த சொல்லியிருந்தா எங்கம்மா என்னைக் குடுத்திருக்கவே மாட்டாங்க" என்றாள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "அந்தக் கன்னியம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதைவிட வெட்கமான பதில் என் வாயிலிருந்து வந்ததில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பெருநகர், உத்திரமேரூர் பக்கத்திலோ, தென்னேரிப் பக்கத்துச் சூளைகளிலோ கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தால், அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள். அறுபதுக்கு மேலே இருக்கும். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். கதை சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். கூட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டாம். அவள் தனியாக இருக்கும்போது, அவள் வாசலுக்கு வெளியே நின்று, கேட்கிறாயா என்று கேட்டுவிட்டு வாசியுங்கள். என்னைத் தெரியாது என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள். அதைச் சொல்ல அவளுக்குப் பாத்தியம் உண்டு.

கன்னியம்மா, உன்னை எனக்குத் தெரியும்.